மூடியில்லாத தொட்டியின் கொசு: அனோபிலஸ் ஸ்டீபென்சி

மொட்டைமாடித் தொட்டியின் மூடியை நகர்த்தி, உள்ளிருட்டுக்குக் கண் பழகும்வரை சற்றுப் பொறுத்திருந்து பார்த்தால், தெளிந்த நீரின் மேல் பழுப்பு நிறச் சிறு கோடுகள் போலச் சில புழுக்கள் படுத்திருப்பதைக் காண நேரலாம். சாக்கடை நீரில் நாம் பார்த்துப் பழகிய கொசுப்புழுக்கள் வாலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். இவையோ நீர்ப்பரப்போடு ஒட்டி மட்டமாகக் கிடக்கின்றன. நிழல் பட்டதும் வெடுக்கென்று உடலை உதறி, வால் முன்செல்லப் பின்னோக்கி விலகிக் கீழே இறங்குகின்றன. சிறிது நேரத்தில் மூச்சுக்காக மேலே வந்து மீண்டும் அதே கிடையில் படுத்துக்கொள்கின்றன. இந்தப் படுக்கை நிலை ஒன்றே இவை அனோபிலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை என்று சொல்லப் போதுமானது. சென்னை போன்ற ஒரு நகரத்தில், வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் இத்தகைய புழு கிடைத்தால், அது பெரும்பாலும் அனோபிலஸ் ஸ்டீபென்சி என்னும் சிற்றினமாகவே இருக்கும்.

மலேரியா என்றதும் காடும் மலையும் வயல்வெளித் தேக்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதில் தவறில்லை. உலகில் 400க்கும் மேற்பட்ட அனோபிலஸ் சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றுள் மலேரியாவைப் பரப்பும் சில பத்துச் சிற்றினங்களும் பெரும்பாலும் ஓடைக்கரை, சதுப்பு, மழைக்குட்டை, வயல், வாய்க்கால் ஆகியவற்றை நம்பி வாழ்பவை. ஊர் பெருத்து, மண் தரை சிமெண்டுத் தரையாகி, குட்டைகள் தூர்ந்துபோனால் அவற்றின் வாழ்விடமும் சுருங்கிவிடும். ஸ்டீபென்சியின் நிலை இதற்கு நேர்மாறானது. நகரம் வளர வளர அதற்கு இடம் கூடுகிறது. ஏனெனில் அது மழை தேக்கிய நீரைவிட மனிதர் தேக்கிய நீரையே அதிகம் நம்புகிறது; குடிக்கவும் குளிக்கவும் கட்டடம் கட்டவும் நாம் எங்கெல்லாம் நல்ல தண்ணீரைச் சேர்த்துவைக்கிறோமோ அங்கெல்லாம் அது முட்டையிடுகிறது. இந்தக் கொசுவின் இயற்கை வரலாற்றை நகரங்களின் குடிநீர் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதே என் கருத்து. கடந்த 100 ஆண்டுகளில் அது சென்றடைந்த ஊர்களின் கதை ஒவ்வொன்றும் அதைத்தான் காட்டுகிறது.

இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1901இல். மலேரியாக் கிருமியின் வளர்ச்சிக் கட்டம் ஒன்றைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆகஸ்டில். அதன்பின் எந்தக் கொசு, எந்த நீர், எந்தப் பருவம் என்ற கேள்விகளோடு இந்தியாவெங்கும் மருத்துவர்கள் கொசு பிடிக்கத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவரான வில்லியம் கிளென் லிஸ்டன், பேரார் பகுதியின் எல்லிச்பூரில், அதாவது இன்றைய மகாராஷ்டிரத்தின் அசல்பூரில், தான் பிடித்த அனோபிலஸ் கொசுக்களை ஆராய்ந்தபோது இச்சிற்றினத்தை விவரித்து, மலேரியா ஆய்வாளரான ஸ்டீபென்ஸின் பெயரை அதற்கு வைத்தார். மேற்கே அரேபியத் தீபகற்பம், ஈராக், ஈரான் தொடங்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் வழியாகக் கிழக்கே மியன்மார், தாய்லாந்து, தென்சீனம் வரை நீளும் நிலப்பரப்பே இதன் பூர்வீகம் எனக் கொள்ளப்படுகிறது.

உருவத்தில் இது சிறிய, மெலிந்த கொசு. சுவரில் அமரும்போது தலையைத் தாழ்த்தி உடலின் பின்பகுதியைத் தூக்கிச் சாய்வாக நிற்கும். சுவரில் அறைந்த முள்ளைப் போல இருக்கும் அந்த நிலையை ஒருமுறை கண்டவர்கள், கூனி அமரும் சாக்கடைக் கொசுவோடு அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இறகுகளில் கருமையும் வெளிர்மையும் மாறிமாறிப் புள்ளியிட்டிருக்கும். பெண் கொசுவின் உறிஞ்சுகுழலுக்கு இருபுறமும் ஏறத்தாழ அதே நீளத்தில் இரண்டு உணரிகள் நீண்டிருக்கும். அவற்றின் நுனியில் அகன்ற வெண்பட்டைகளும், இடையே வெண்துகள் தூவியது போன்ற புள்ளிகளும் தெரிவது இச்சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று. இவ்வளவும் கைலென்சில் தெரியும். ஆனால் அமைதியான இரவில் அது வரும் ஓசையைக் கேட்பதே அரிது என்பதால், கடித்த கொசு எது என்று யாரும் பார்ப்பதில்லை.

பெண் கொசு தன் முட்டைகளை நீரின் மேல் தனித்தனியாக இடும். ஒவ்வொரு முட்டையும் படகு வடிவில், அரை மில்லிமீட்டர் நீளத்தில், இருபுறமும் காற்றடைத்த மிதவைகளோடு இருக்கும். ஒரு முறைக்கு 50 முதல் 200 வரை முட்டைகள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசுவின் முட்டைகளைப் போல இவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து பிழைப்பவை அல்ல, ஈரம் வேண்டும். ஓரிரு நாளில் வெளிவரும் புழு, நீர்ப்பரப்பில் மிதக்கும் பாசித் துணுக்குகளையும் நுண்ணுயிர்களையும் வாரி உண்டு, நான்கு முறை தோலுரித்து, கமா வடிவக் கூட்டுப்புழுவாகிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து இறகு விரித்த கொசு வரை 8 முதல் 12 நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியை வடித்துக் காயவைக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

நீரைத் தேர்ந்தெடுப்பதில் இக்கொசுவுக்குப் பிடிவாதம் உண்டு. சாக்கடையை அது பொதுவாக நாடுவதில்லை. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ்; அது யானைக்கால் நோயைப் பரப்பும், ஆனால் மலேரியாவைப் பரப்பாது. தெருச் சாக்கடையைப் பார்த்து மலேரியா வரும் என்று நாம் அஞ்சுவதும், அங்கே புகை அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஊர் நிர்வாகம் நினைப்பதும் கொசுவை மாற்றிப் பிடிப்பதால் வரும் பிழை. ஸ்டீபென்சிக்கு வேண்டியது குடிக்கத் தக்க தெளிவுள்ள நீர்: கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைக்கடியில் கட்டிய சம்ப், செயற்கை நீரூற்று, கட்டுமான இடத்துச் சிமெண்டுத் தொட்டி, லிஃப்டுக்காகத் தோண்டிய குழி, தண்ணீர் பிடித்துவைத்த டிரம். புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தின் மேல் சிமெண்டுக் கலவையால் சிறுசிறு பாத்தி கட்டி, நாள்கணக்கில் தண்ணீர் நிறுத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெயில் படும், ஆழமில்லாத, மீன் இல்லாத அந்தப் பாத்திகளைவிட இக்கொசுவுக்கு வசதியான தொட்டில் கிடைப்பது கடினம். கட்டட வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கும் தொழிலாளர்களே முதலில் கடிபடுகிறவர்கள்.

நகர மலேரியாவுக்கும் இக்கொசுவுக்கும் உள்ள உறவு தெளிவாகப் புலப்பட்டது பம்பாயில். அலெக்சாண்ட்ரா துறைமுகக் கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் நகரில் மலேரியா கடுமையாகப் பரவ, அதை ஆராய்ந்த சார்லஸ் பென்ட்லி 1911இல் தன் அறிக்கையை அளித்தார். காய்ச்சலின் ஊற்று சதுப்பு நிலத்தில் இல்லை, வீட்டு முற்றங்களின் கிணறுகளில் இருக்கிறது. அங்கே வளர்வது ஸ்டீபென்சி என்பதே அதன் சாரம். கிணறுகளை மூட வேண்டும், இயலாவிட்டால் கொசு புகாதபடி மூடியிட வேண்டும் என்று நகராட்சி இறங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. பார்சிகளுக்கும் இந்துக்களுக்கும் கிணறு வழிபாட்டோடு தொடர்புடையது. சூரிய ஒளி படும் நீரே சடங்குக்கு ஏற்றது என்று கருதியவர்களுக்கு மூடிய கிணறு கிணறாகத் தோன்றவில்லை. திறந்து மூடும் சிறு கதவும் வலையும் வைப்பது போன்ற சமரசங்கள் பல இடங்களில் ஏற்பட்டன. அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைமுறைகளாகத் தன் கையால் இறைத்த நீரை அரசு ஆள் வந்து மூடச் சொன்னால் கேட்பவருக்கு அது தண்ணீர் உரிமைப் பிரச்சினையாகத்தான் படும். இன்றைக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்குப் போக வேண்டும் என்று கேட்கும்போது வீட்டார் முகம் சுளிப்பதில் அதன் சாயல் இருக்கிறது.

கிணறுகள் மூடப்பட்டுக் குழாய் வந்தபின் கொசு அழிந்துவிடவில்லை. குழாயில் நாள் முழுவதும் நீர் வராத நகரத்தில் ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சிறு நீர்த்தேக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்னை இதற்குத் தக்க சான்று. விட்டுவிட்டு வரும் குழாய்க் குடிநீரும், லாரியில் வரும் நீரும், ஆழ்துளைக் கிணற்று நீரும் முதலில் சம்புக்கும், அங்கிருந்து மோட்டார் வழியே மாடித் தொட்டிக்கும் போகின்றன. பழைய கட்டடங்களில் அத்தொட்டி செங்கல்லோ கான்கிரீட்டோ கொண்டு கட்டியதாக இருக்கும்; மூடியாக ஒரு சிலாப்பு, அதிலும் ஓரம் உடைந்திருக்கும். புதியவை பிளாஸ்டிக் தொட்டிகள். அவற்றின் திருகுமூடி காற்றிலோ பிளம்பர் கையிலோ தொலைந்துபோனபின் ஒரு தகரத் தகடும் அதன்மேல் ஒரு கல்லும் போதும் என்று விட்டுவிடுவார்கள். நீர்மட்டம் வழிந்து வெளியேறும் குழாயின் வாய் வலையில்லாமல் திறந்திருப்பதைக் கவனிப்பவர் இன்னும் குறைவு. கொசு நுழைய விரல் பருமன் துளை தாராளம். சென்னையில் நடந்த கள ஆய்வுகள், கிணறுகளைக் காட்டிலும் இந்த மேல்நிலைத் தொட்டிகளே ஸ்டீபென்சியின் முதன்மை வளர்விடமாக ஆகியிருப்பதைக் காட்டியுள்ளன. நகர மலேரியாவுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை இந்திய அரசு 1971இல் தொடங்கியதும், நெடுங்காலம் தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பகுதியினர் சென்னையிலேயே இருந்ததும் இப்பின்னணியில்தான் பொருள்படுகின்றன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது; கொசு குறைந்ததா என்றால், அது வேறு கேள்வி.

இக்கொசுவின் இரவுப் பழக்கங்கள் ஒரே சீராக இருப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் கடிக்கத் தொடங்கும். எந்த மணியில் அதிகம் கடிக்கும் என்பது ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். மனித இரத்தம்தான் வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மாடு கிடைத்தால் மாட்டைக் கடிக்கும். சென்னையில் பிடித்த கொசுக்களின் வயிற்று இரத்தத்தைச் சோதித்தபோது அதில் பெரும்பங்கு மாட்டு இரத்தமாக இருந்தது; பகலில் அவை ஒதுங்கியிருந்த இடங்களிலும் மாட்டுக்கொட்டகைகளே முன்னிற்கின்றன. நகரத்தின் நடுவே இன்னும் மாடு வளர்க்கும் தெருக்கள் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. மாட்டைக் கடிக்கும் கொசு மனிதரிடையே நோயைப் பரப்புவது குறையும் என்பது ஒரு வாதம். ஆனால் அந்த இரத்தத்தால் கொசுக் கூட்டம் பெருகுகிறது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கொசு மலேரியாவைக் கடத்த வேண்டுமானால் அது வயதாக வேண்டும். நோயுற்றவரிடமிருந்து கிருமியின் பாலின வடிவங்களை இரத்தத்தோடு உறிஞ்சியபின், அவை கொசுவின் வயிற்றில் கூடி, வயிற்றுச் சுவரைத் துளைத்து, அங்கே சிறு கொப்புளங்களாக வளர்ந்து, வெடித்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய ஊசி வடிவக் கிருமிகளாக உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று சேர, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள் ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் குடித்து முட்டையிடும் கொசு, அதற்குள் மூன்று நான்கு முறை கடித்திருக்கும். அக்கடிகளில் ஆபத்து இல்லை. அதற்கு அப்பால் உயிரோடிருக்கும் கொஞ்சம் கிழட்டுக் கொசுக்களே நோயைத் தருகின்றன. சென்னையின் கடலோர ஈரக்காற்றும் ஆண்டு முழுதும் தணியாத வெப்பமும் அந்த வயதை எட்ட அவற்றுக்கு உதவுகின்றன. அங்கு மிகுதியாகக் காணப்பட்டது வைவாக்ஸ் வகை மலேரியா. குணமானவரின் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. அந்த உறங்கும் கிருமியைக் கொல்லும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர் அறியாமலே மறுபருவக் கொசுவுக்குக் கிருமியைக் காத்துவைக்கிறார்.

ஸ்டீபென்சிக்குள்ளேயே பிரிவுகள் உண்டு என்பது 1937இல் தெரியவந்தது. மைசூர்ப் பகுதியில் பணிபுரிந்த ஆய்வாளர்களான ஸ்வீட்டும் ராவும், முட்டையின் மிதவைமீது குறுக்கே ஓடும் வரிகளின் எண்ணிக்கை வேறுபடுவதைக் கண்டு, நகர வடிவத்தையும் மைசோரென்சிஸ் என்னும் நாட்டுப்புற வடிவத்தையும் பிரித்தார்கள். பின்னர் 1987இல் இடைப்பட்ட வடிவம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. நகர வடிவத்தில் 14 முதல் 22 வரை வரிகள், இடைவடிவத்தில் 12 முதல் 17, மைசோரென்சிஸில் 9 முதல் 15. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒரே ஒரு முட்டையை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு தாய்க் கொசு இட்ட முட்டைகள் பலவற்றை நுண்ணோக்கியில் வைத்து, வரி வரியாக எண்ண வேண்டும். வீண்வேலை போலத் தோன்றும் இந்த எண்ணிக்கைக்குப் பயன் உண்டு. இந்தியாவில் நகர வடிவம் திறமையான நோய்ப் பரப்பி. மைசோரென்சிஸ் பெரும்பாலும் மாட்டை நாடுவது, நோய் பரப்புவதில் பின்தங்கியது. புதிய ஊரில் இக்கொசு தென்பட்டால், வந்தது எது என்று அறிய முட்டையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

அவ்வாறு பார்க்க வேண்டிய புதிய ஊர்கள் இப்போது கூடிக்கொண்டே போகின்றன. அரபிக்கடலின் இலட்சத்தீவுகளில் இக்கொசு இருப்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவானது. அப்போது அதை அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 2012இல் அது ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் உள்ள ஜிபூட்டி நகரில் காணப்பட்டது. மலேரியாவை ஏறத்தாழ ஒழித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்த நாடு அது. அவ்வாண்டு பதிவான நோயாளிகள் 27 பேர். 2020இல் அந்த எண் 73,000ஐத் தாண்டியது. எல்லாப் பழியையும் ஒரு கொசுவின் தலையில் கட்டிவிட முடியாது. அகதிகளின் வரத்து, பரிசோதனை கூடியது, மருந்துத் திட்டங்களின் தளர்வு ஆகியவையும் சேர்ந்திருக்கும். ஆனாலும் மழைக்காலத்துக்குப் பின் தணிய வேண்டிய மலேரியா நகரத்துக்குள் நிலைகொண்டதற்கு வேறு நல்ல விளக்கம் எவரும் தரவில்லை.

2016இல் எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் உள்ள கெப்ரி டெஹாரில் புழுக்கள் கிடைத்தன. அப்பகுதி வறண்டது. மழைநீரைச் சேமிக்க மக்கள் தரையில் பெரிய தொட்டி தோண்டிச் சிமெண்டு பூசி வைத்திருப்பார்கள். பிர்க்கா என்று அதற்குப் பெயர். நம் ஊர்க் கோயில் குளத்துக்கும் வீட்டுச் சம்புக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். ஊருக்கு உயிர்நீர் தரும் அத்தொட்டிதான் கொசுவுக்கும் வாய்த்தது. பிறகு சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று பெயர்கள் நீண்டன. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில், மலேரியா குறைய வேண்டிய வறண்ட மாதங்களில் எழுந்த கொள்ளைநோயை ஆராய்ந்தவர்கள், நோயாளிகளின் வீட்டருகே ஸ்டீபென்சியையும் அதன் உடலில் கிருமியையும் கண்டார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இக்கொசுவின் ஆப்பிரிக்கப் பரவலைத் தடுக்கத் தனி முயற்சியைத் தொடங்கியது. ஆப்பிரிக்க நகரங்களில் கூடுதலாக 12.6 கோடிப் பேர் ஆபத்துக்குள்ளாகலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்தது. ஆப்பிரிக்காவின் மலேரியா அதுவரை பெரும்பாலும் கிராமத்தின் நோய், மழைக்காலத்தின் நோய். வலையும் மருந்துத் தெளிப்பும் வீட்டுக்குள் தூங்குபவரைக் கடிக்கும் உள்ளூர்க் கொசுக்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கும், முன்னிரவிலேயே வெளியில் கடிக்கும், பல பூச்சிக்கொல்லிகளுக்கு ஏற்கெனவே பழகிவிட்ட ஒரு கொசுவிடம் அவை பாதியளவே செல்லும். ஒளிப்பொறி வைத்துப் பிடிக்கும் வழக்கமான முறையில் இது அதிகம் சிக்குவதும் இல்லை. தொட்டி தொட்டியாகப் புழுத் தேடியபோதுதான் பல இடங்களில் அகப்பட்டது.

கடல் தாண்டும் அனோபிலஸ் இதுவே முதல் அல்ல. ஆப்பிரிக்காவின் காம்பியே கூட்டத்துக் கொசு 1930இல் பிரேசிலின் நட்டால் துறைமுகத்தில் காணப்பட்டு, 1938இல் பெருங்கொள்ளையை விளைவித்து, ஃபிரெட் சோப்பர் தலைமையில் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் குட்டை குட்டையாக நஞ்சு தூவிப் பாடுபட்டதால் 1940க்குள் அந்நாட்டிலிருந்து அடியோடு அழிக்கப்பட்டது. அந்த வெற்றியை இங்கே உதாரணமாகக் காட்டுவோர் ஒரு வேறுபாட்டை மறக்கிறார்கள். அந்தக் கொசு வளர்ந்தது வெயிலில் திறந்து கிடந்த குட்டைகளில். பணியாளர் நடந்துபோய்ப் பார்க்கலாம், தூவலாம். ஸ்டீபென்சி வளர்வது பூட்டிய வீட்டின் மாடியில், மக்கள் குடிக்கும் நீரில்.

நமக்கு மிக அருகே நடந்தது இலங்கையின் கதை. 1934-35 மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேரை இழந்த நாடு அது. 1963இல் நோயாளிகள் 17 பேராகக் குறைந்தபின், அடுத்த சில ஆண்டுகளிலேயே மீண்டும் இலட்சக்கணக்கில் பெருகியதையும் கண்ட நாடு. அக்காலங்களிலெல்லாம் அங்கே நோய் பரப்பியது, வறட்சியில் ஓட்டம் நின்ற ஆற்றுப்படுகைக் குட்டைகளில் பெருகும் அனோபிலஸ் கூலிசிஃபாசீஸ். நெடிய போருக்கிடையிலும் விடாமல் நடந்த பணியின் பயனாக 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தது; 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மன்னார் தீவின் கிணறுகளில் ஸ்டீபென்சியின் புழுக்கள் கிடைத்தன. அதுவரை இலங்கையில் அது பதிவானதே இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். தமிழகக் கரையிலிருந்து வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. படகில் ஏறி வந்ததோ, காற்று ஏற்றி விட்டதோ, சரக்கோடு வந்ததோ, வந்த வழியைக் காட்டும் தடயத்தை எந்தக் கொசுவும் விட்டுச்செல்வதில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. நுளம்பு என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லால் கொசுவை அழைக்காத அந்த மண்ணில், இந்த நுளம்பு வந்து சேர்ந்த இடம் மிகப் பொருத்தமானது என்பதே கவலைக்குரிய செய்தி. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறித் தங்கும் மழைநீரைக் கிணறு தோண்டி எடுத்தே குடிப்பதும் குளிப்பதும் தோட்ட வேலையும் நடக்கின்றன. வளவுக்கு, அதாவது வீட்டு மனைக்கு, ஒரு கிணறு, சில வளவுகளில் இரண்டு. போருக்குப்பின் எழும் புதுக் கட்டடங்களின் சிமெண்டுத் தொட்டிகளும் அதனோடு சேர்கின்றன. மறுபுறம், இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் திரும்பும் பயணிகளில் சிலர் ஆண்டுதோறும் மலேரியாவோடு வந்திறங்குகிறார்கள். கிருமி வெளியிலிருந்து வருகிறது, கொசு உள்ளே காத்திருக்கிறது. இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதே இன்று அங்குள்ள பணியாளர்களின் அன்றாட வேலை. காய்ச்சலோடு வரும் பயணியின் இரத்தத்தை உடனே சோதிப்பது அதில் ஒரு பாதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் கிணறு கிணறாகத் தேடிப் பதிவுசெய்துவரும் புழுக் கணக்கு மறுபாதி.

ஆய்வுக்கூடத்தில் இதே கொசு மிகவும் வேண்டப்பட்ட உயிரினம் என்பதையும் சொல்ல வேண்டும். கூண்டில் எளிதாக இனம்பெருக்கும், கிருமியை நன்றாக ஏற்கும் என்பதால் பல பத்தாண்டுகளாக மலேரியா ஆராய்ச்சியின் பெரும்பகுதி இதன் முதுகில்தான் ஏறி நடந்திருக்கிறது. 2014இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானது. 2015இல், மலேரியா எதிர்ப்பு மரபணுவைச் சந்ததி முழுதும் வலிந்து பரப்பும் முறை கலிபோர்னியாவில் முதலில் இக்கொசுவிலேயே செய்து காட்டப்பட்டது. அது கூண்டுக்குள் நடந்தது. வெளியில் விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் பல. தன் மாடித் தொட்டியைத் திறந்துகாட்டவே தயங்கும் ஒரு குடும்பத்திடம் மரபணு மாற்றிய கொசுவுக்கு ஒப்புதல் கேட்பது அவற்றுள் கடினமானது என்று நான் நினைக்கிறேன்.

அதுவரை உள்ள வழிகள் பழையவை. குடிநீரில் குறைந்த அளவில் இடும் டெமிபாஸ் மருந்து புழுவைக் கொல்லும். ஆனால் தண்ணீரில் வாடை வருகிறது என்று மக்கள் மறுநாளே தொட்டியைக் கழுவிவிடுவதுண்டு. கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டுக்காரர்மீது நடவடிக்கை எடுக்க 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டமே இடம் தருகிறது. எனினும் நாள் தவறாமல் குழாயில் நீர் தர முடியாத ஊர், நீரைச் சேர்த்துவைத்தவருக்கு அபராதம் போடுவதில் ஒரு நியாயக்குறைவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தொட்டிக்கு இறுக மூடும் மூடி, வழிகுழாய் வாய்க்கு ஒரு துண்டு நைலான் வலை, பணியாளர் ஏறத் தக்க ஓர் ஏணி ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு வீட்டில் ஒருவருக்கு வரும் ஒரு காய்ச்சலின் செலவைவிடக் குறைவு. ஏணி இல்லாத தொட்டியை எந்தப் பணியாளராலும் பார்க்க முடியாது. பார்க்காத தொட்டி பதிவேட்டில் புழு இல்லாத தொட்டியாகவே ஏறும்.

மூட முடியாத கிணற்றுக்கு மீன். விரல் நீளம்கூட இல்லாத கப்பியும் கம்பூசியாவும் நீர்ப்பரப்பை மேய்ந்து புழுவைத் தின்னும். கிணற்றில் விட்டால் போதும் என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை இல்லை. புதிதாக இறைத்த கிணற்றில் அவை நிலைப்பதில்லை, குளோரின் பொடி கொட்டினால் செத்துவிடும், கோடையில் நீர் வற்றும்போது கூட்டமாக அழியும். ஆகையால் சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது வந்து கிணற்றுக் கட்டின்மேல் குனிந்து, மீன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீன் தெரியவில்லையென்றால், வாளியைக் கயிற்றில் இறக்கி, நீர்ப்பரப்பின் ஓரமாக மெல்லச் சாய்த்து மொண்டு, மேலே இழுத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, நீரின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்டம் அடங்கியதும், மட்டமாகப் படுத்த பழுப்புக் கோடு ஏதும் இருந்தால் மேலே வரும்.